சைனஸ் அடைப்பும் சைனஸ் தொற்றும்: அறிதலும் பராமரித்தலும்

தமிழ்நாட்டில் "அவருக்குச் சைனஸ் இருக்கிறது" என்னும் பேச்சு ஒரு நோயைக் குறிப்பதாகவே வழங்கிவருகிறது. உண்மையில் சைனஸ் இல்லாத மனிதர் இல்லை. முக எலும்புகளுக்குள் இயற்கையாகவே அமைந்த காற்றறைகளுக்கு உரிய பெயர் அது. அந்த அறைகளின் உட்சவ்வு வீங்கிச் சிவந்து சளி தேங்கும் நிலையே சைனஸ் அழற்சி அல்லது சைனசைட்டிஸ் எனப்படுகிறது. சித்த மருத்துவம் இதைப் பீனிசம் என்ற பெயரில் பேசுகிறது. வீட்டு வழக்கிலோ 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்பார்கள். இந்த வீட்டு வழக்கு ஒரு வகையில் மருத்துவச் சொல்லைவிடவும் பொருத்தமானது. ஏனெனில் தொல்லையின் வேர் பல வேளைகளில் கிருமியைவிட, வெளியேற வேண்டிய நீர் வழியின்றித் தேங்கி நிற்பதிலேயே இருக்கிறது. அதில் உள்ள பிழை ஒன்றுதான்: தேங்கிய நீர் தலைக்குக் குளித்தபோது வெளியிலிருந்து இறங்கியதன்று, உள்ளேயே சுரந்தது. தலைமுடியில் தங்கும் ஈரம் மண்டையோட்டைக் கடந்து அந்த அறைகளுக்குள் புக வழியே இல்லை.

சைனஸ் அறைகள் நான்கு இணைகளாக உள்ளன. கண்களுக்குக் கீழே மேல்தாடை எலும்பில் ஓர் இணை, புருவங்களுக்கு மேலே நெற்றி எலும்பில் ஓர் இணை, கண்களுக்கும் மூக்குக்கும் இடையே தேனடை போன்ற சிற்றறைகளின் தொகுதியாக ஓர் இணை, மூக்கின் பின்கோடியில் மூளையின் அடித்தளத்தை ஒட்டி ஓர் இணை என அவை அமைந்திருக்கின்றன. இவற்றுள் பெரியது மேல்தாடை அறை. வளர்ந்தவர்களுக்கு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி நீர். ஆங்கில மருத்துவர் நதேனியல் ஹைமோர் 1651இல் இதை விரிவாக விவரித்ததால் 'ஹைமோர் குகை' என்ற பெயரும் இதற்கு உண்டு. இந்த அறையின் வாசல் அடியில் இல்லை, பக்கச் சுவரின் மேற்புறத்தில் இருக்கிறது. தரையில் வடிகால் வைக்காமல் கூரையை ஒட்டிச் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை மட்டும் விட்ட குளியலறையை ஒத்த அமைப்பு இது. ஆகவே நிமிர்ந்து நிற்கும் மனிதனின் கன்ன அறையில் சுரக்கும் சளி தானாக வடிவதில்லை. சவ்வின் மேல் அடர்ந்திருக்கும் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் அசைந்து, புவியீர்ப்புக்கு எதிராக அதை மேலே ஏற்றி வாசலுக்குக் கொண்டுசேர்க்கின்றன. நுண்மயிர்கள் சோர்ந்தாலோ, வாசலைச் சுற்றிய சவ்வு வீங்கிவிட்டாலோ இந்த ஏற்றம் நின்றுபோகிறது. ஒரு கன்னத்தில் மட்டும் கனம் இருக்கும்போது அந்தப் பக்கம் மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுத்தால் சிலருக்குச் சற்று நேரத்தில் இலகுவாவதற்கும் வாசலின் இந்த இருப்பிடமே காரணம்.

நெற்றி அறை பிறக்கும்போது இருப்பதில்லை. ஆறேழு வயதளவில்தான் தெளிவாக உருப்பெற்றுப் பதின்பருவம் வரை வளர்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் நெற்றிவலிக்குச் சைனஸ் என்று பெயர் சூட்டுவது, இல்லாத அறையில் நோய் தேடுவதாகும்.

தடுமனா, தொற்றா?

ஜலதோஷம் என்றும் தடுமன் என்றும் சொல்லப்படும் சாதாரணச் சளி வைரஸால் வருவது. வைரஸ் தாக்கும்போது மூக்கின் உட்சவ்வோடு சைனஸ் அறைகளின் சவ்வும் சேர்ந்தே வீங்குகிறது, ஏனெனில் இரண்டும் ஒரே விரிப்பின் தொடர்ச்சி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சாதாரணச் சளி கண்ட 31 பேருக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து 1994இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேரின் கன்ன அறைகளில் மாற்றம் தென்பட்டது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுத்தபோது, நுண்ணுயிர்க்கொல்லி ஏதுமின்றியே அவர்களுள் பெரும்பாலோருக்கு அது மறைந்தோ குறைந்தோ இருந்தது. ஆகவே சளி பிடித்த முதல் வாரத்தில் கன்னம் கனப்பதும், குனியும்போது மண்டை குத்துவதும், எக்ஸ்ரே படத்தில் வெண்மை தெரிவதும் பாக்டீரியாத் தொற்றுக்குச் சான்றுகள் ஆகா. அந்த வாரத்தில் எடுக்கப்படும் எக்ஸ்ரே பெரும்பாலும் வீண்செலவே.

சளியின் நிறத்தைப் பற்றிய நம்பிக்கையும் இவ்வாறே வலுவாக வேரூன்றியுள்ளது. மூக்குச் சிந்தும்போது மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் 'சளி பழுத்துவிட்டது, மருந்து எழுதித்தர வேண்டும்' என்று நோயாளியும் எண்ணுகிறார், சில மருத்துவர்களும் எண்ணுகிறார்கள். அந்தப் பச்சை நிறம் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸோடு போராடினாலும் பாக்டீரியாவோடு போராடினாலும் அவ்வணுக்கள் சளியில் சேரும்போது நிறம் மாறவே செய்யும். நிறத்தைவிட நம்பத்தக்க அளவுகோல் நாட்காட்டி.

வைரஸ் சளி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை எட்டிப் பின்னர் மெல்லத் தணியும். பத்து நாளில் முற்றிலும் தீராவிட்டாலும் தணியும் போக்காவது தெரியும். பாக்டீரியா புகுந்திருப்பதாக ஐயுற மூன்று போக்குகள் இடம் தருகின்றன. பத்து நாள் கடந்தும் அடைப்பும் கெட்டிச்சளியும் முகவலியும் சற்றும் குறையாமல் நீடிப்பது ஒன்று. தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸ், அதாவது ஃபாரன்ஹீட்டில் 102 டிகிரி அளவுக்குக் காய்ச்சல் கண்டு, சீழ்போன்ற சளியோ முகவலியோ சேர்ந்து மூன்று நான்கு நாள் விடாமலிருப்பது மற்றொன்று. மூன்றாவது போக்கை நோயாளிகள் பெரும்பாலும் தாமே உணர்ந்து சொல்கிறார்கள்: ஐந்தாறு நாளில் நன்றாகத் தேறிவந்து, வேலைக்கும் போகத் தொடங்கிய பின்னர், மறுபடியும் காய்ச்சலும் வலியும் முன்னைவிட அதிகமாகத் திரும்புவது. வளர்ந்தவர்கள் நூறு பேருக்குச் சளி பிடித்தால் இவ்வாறு பாக்டீரியாத் தொற்றாக மாறுவது ஓரிருவருக்கே. நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே, மொராக்ஸெல்லா ஆகிய மூன்றும் இதில் அடிக்கடி காணப்படும் பாக்டீரியாக்கள்.

அந்த ஓரிருவரிலும் பலர் நுண்ணுயிர்க்கொல்லி இல்லாமலேயே தேறிவிடுவதால், காய்ச்சல் கடுமையாக இல்லாத, மீண்டும் வந்து காட்ட வாய்ப்புள்ள நோயாளியைச் சில நாள் கண்காணித்துப் பின்னர் மருந்து தொடங்குவதை அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஏற்றுக்கொள்கிறது. மருந்து தேவைப்பட்டால் அமாக்சிசிலின், அல்லது அதனோடு கிளாவுலனேட் சேர்ந்த கூட்டுமருந்து முதல் தெரிவாகிறது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி மூன்று நாள் போட்டுக்கொள்ளும் அசித்ரோமைசின் இந்த இடத்தில் ஏற்ற மருந்தன்று. நிமோகாக்கஸ் அதற்குப் பெருமளவில் பழகிப்போய்விட்டது. மூன்று நாளில் குணமானதாகத் தோன்றுவதற்குக் காரணம், அந்த மாத்திரை வழக்கமாகச் சளி தானே இறங்கத் தொடங்கும் நாளில் வாங்கப்படுவதுதான்.

சைனஸ் அல்லாத 'சைனஸ்'

தலைவலியோடு மூக்கடைப்போ கண்ணீரோ சேர்ந்து வந்தால் அது சைனஸ் தலைவலி என்றே பெயர்பெறுகிறது. அமெரிக்காவில் தமக்குச் சைனஸ் தலைவலி இருப்பதாகச் சொன்ன 2,991 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வொன்றில், 88 விழுக்காட்டினரின் வலி ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் வகைக்குரிய இலக்கணங்களோடு பொருந்தியது. மைக்ரேன் தாக்கும்போது முகத்தின் உணர்வு நரம்பு தூண்டப்பட்டு, அதன் எதிர்வினையாக மூக்குச் சவ்வு வீங்குவதும் கண் கலங்குவதும் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. வலி துடிதுடிப்பாக இருப்பது, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, குமட்டல், சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் தானே அடங்கிப் பின்னர் மாதந்தோறும் திரும்புவது ஆகியவை மைக்ரேனின் அடையாளங்கள். சைனஸ் தொற்றின் வலியோ நாள்கணக்கில் மந்தமாக அழுத்துவது. அதனோடு கெட்டிச்சளியும் மணம் மங்குதலும் இருந்தே தீரும் என்று சொல்லுமளவுக்குச் சேர்ந்துவரும். சளியே இல்லாத சைனஸ் தலைவலியை ஐயத்தோடு பார்ப்பதே முறை. ஆண்டுக்கணக்கில் நெற்றியில் நீர்க்கோவை மாத்திரையையும் சுக்கையும் உரசிப் பற்றுப் போட்டுவந்தவர்களுள் மைக்ரேன் நோயாளிகள் எத்தனையோ பேர் இருக்கக்கூடும்.

இரவில் ஒரு மூக்கு அடைத்து, புரண்டு படுத்ததும் மற்றது அடைப்பதும் நோயன்று. மூக்கின் இரு பக்கங்களும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறைவைத்துச் சற்றே வீங்கித் தணிவதை ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895இல் விவரித்தார். மூச்சு இடமும் வலமும் மாறி ஓடுவதைச் சரம் என்ற பெயரில் தமிழ் யோக மரபு அதற்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தது.

இதற்கு மாறாக, எப்போதும் ஒரே பக்கத்தில் மட்டும் தொல்லை இருந்தால் அதை எளிதாக விட்டுவிடக்கூடாது. மேல்கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன அறையின் அடித்தளத்தை ஒட்டியே இருப்பதால், சொத்தைப்பல்லின் சீழ் அறைக்குள் கசிந்து, ஒருபக்கம் மட்டும் துர்நாற்றமுள்ள சளியாக ஒழுகுவதுண்டு. அவருக்குத் தேவை பல் மருத்துவர். சிறு குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால், உள்ளே ஒரு புளியங்கொட்டையோ பட்டாணியோ பாசிமணியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான் முதல் வேலை. அதைத் தாமே குச்சியால் எடுக்க முயல்வது பொருளை மேலும் உள்ளே தள்ளிவிடும். நடுவயது கடந்தவருக்கு ஒருபக்க அடைப்போடு இரத்தக்கசிவும் சேர்ந்தால் கட்டி இல்லை என்று உறுதிசெய்யும்வரை ஓயக்கூடாது. குனிந்தால் ஒரு மூக்கிலிருந்து பச்சைத்தண்ணீர் போல் சொட்டுவது, அதுவும் தலையில் அடிபட்ட பின்னர் நேர்வது, மூளையைச் சூழ்ந்த நீரின் கசிவாக இருக்கக்கூடும்.

வீட்டில் செய்யத்தக்கவை

அடைப்பைப் போக்குவதற்குரிய எளிய வழிகளுள் மிகுந்த பயன் தருவது உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். யோகப் பயிற்சியில் இது ஜலநேதி எனப்படும். குளத்தில் மூழ்கும்போது மூக்கில் நீர் ஏறினால் சுரீரென்று எரிவதற்குக் காரணம் அந்நீரில் உடலின் திரவத்துக்கு ஒத்த உப்பு இல்லாமையே. லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைந்த நீர் எரிச்சல் தராது. அரை லிட்டர் நீருக்குத் தலைதட்டிய முக்கால் தேக்கரண்டித் தூளுப்பும், எரிச்சலை இன்னும் குறைக்க ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போதும். கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் கற்களின் பருமனைப் பொறுத்து அளவு மாறுவதாலும், அதில் மண் கலந்திருக்கக்கூடும் என்பதாலும் அதைத் தவிர்ப்பது நல்லது. மருந்துக்கடையில் கிடைக்கும் அளந்து கட்டிய பொட்டலங்கள் இந்தத் தொல்லையைத் தீர்க்கின்றன.

உப்பைவிட முக்கியமானது நீர். குழாய்நீர், கிணற்றுநீர் மட்டுமன்றிக் கேன் தண்ணீரும் வீட்டுச் சுத்திகரிப்பு எந்திரத்தின் நீருங்கூடக் குடிப்பதற்குத் தக்கவையே தவிர மூக்குக்குள் செலுத்தத்தக்கவை அல்ல. நெக்லீரியா ஃபௌலெரி என்னும் அமீபா குடலுக்குள் சென்றால் தீங்கு செய்வதில்லை. மூக்கின் கூரையில் உள்ள மண நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிட்டால் அரிதாகவே ஒருவர் பிழைக்கிறார். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011இல் குழாய்நீரால் மூக்குக் கழுவிய இருவர் இவ்வாறு இறந்தனர். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலருக்குக் கண்டறியப்பட்டதும் மூக்கில் ஏறும் நீரைப் பற்றிய எச்சரிக்கையை வலுப்படுத்தியது. நீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து, மூடியவாறே வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும். பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும்.

கழுவும் முறை பழகினால் எளிது. தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேலிருக்கும் மூக்கில் நீரைவிட்டால், அது பின்புறம் சுற்றி மறுமூக்கு வழியே வெளியேறும்; தொண்டைக்குள் இறங்கினால் தலை அண்ணாந்திருக்கிறது என்று பொருள். முடிந்ததும் ஒரு மூக்கை மட்டும் மூடி மெல்லச் சிந்த வேண்டும். இரண்டையும் பொத்திக்கொண்டு ஓங்கிச் சிந்தினால் சளி காதுக்கும் சைனசுக்கும் திரும்பிச் செல்கிறது. முழுதும் அடைத்துக்கொண்ட மூக்கில் நீரை வற்புறுத்திச் செலுத்தக்கூடாது.

ஆவி பிடித்தல், அதாவது வேது பிடித்தல், சற்று நேரம் இதம் தருகிறது. நோயின் நாள்களைக் குறைப்பதற்கு நல்ல சான்று இல்லை. தைலத்தில் உள்ள மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி மூக்கு திறந்துவிட்டதான உணர்வைத் தருகிறதேயன்றி, அளந்துபார்த்தால் அடைப்பு அப்படியே இருக்கிறது. நொச்சியும் கற்பூரவல்லியும் போட்ட கொதிநீருக்கு மேல் பெரியவர் ஒருவர் போர்வை மூடி அமர்வதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் அதே போர்வைக்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும்போது பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது நேர்கிறது. கைக்குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் கற்பூரம் கலந்தவற்றைத் தடவுவது வலிப்பையும் வரவழைக்கக்கூடும்.

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் ஆகிய சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறப்பதால்தான் அவை ஆபத்தானவை. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் கடந்தும் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கி, அந்த அடைப்பைத் தீர்க்க மீண்டும் சொட்டு தேவைப்பட்டு, சிலர் ஆண்டுக்கணக்கில் தலையணையடியில் குப்பி வைத்துத் தூங்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் குழந்தைகளும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரின், வாய்வழி உட்கொள்ளும் அளவில் அடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாக முடிவு கூறியது.

ஸ்டீராய்டு ஸ்பிரேயின் கதை நேர்மாறானது. சொட்டு மருந்தை அஞ்சாமல் போட்டுக்கொள்பவர்கள் ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்குகிறார்கள். மொமெட்டசோன், ஃபுளுட்டிகசோன் போன்றவை உடலுக்குள் மிகச் சிறிதளவே கலப்பதால் மாதக்கணக்கில் பயன்படுத்தத்தக்கவை; ஆனால் உடனடிப் பலன் தருபவை அல்ல, ஓரிரு வாரம் நாள்தோறும் அடித்தால்தான் வீக்கம் வற்றும். தலையைச் சற்றே குனிந்து, வலக்கையால் இடமூக்கிலும் இடக்கையால் வலமூக்கிலும் வைத்து, முனை கண்ணின் வெளியோரத்தை நோக்கியிருக்குமாறு அடித்து, மெல்ல மூச்சிழுக்க வேண்டும். அதே பக்கக் கையால் அடித்தால் மருந்து மூக்கின் நடுச்சுவரில் பட்டு அங்கே காய்ந்து இரத்தம் கசியும். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தொண்டையில் கசப்பு தெரிந்தால் முறை தவறிவிட்டது.

பன்னிரண்டு வாரத்தைக் கடந்தால்

அடைப்பு, சளி, முக அழுத்தம், மணம் குன்றுதல் ஆகியவற்றுள் இரண்டேனும் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, எண்டோஸ்கோப்பிக் குழாய்ச் சோதனையிலோ சி.டி. ஸ்கேனிலோ அழற்சி உறுதியானால் அது நாட்பட்ட சைனஸ் அழற்சி. இந்த நிலையில் திரும்பத் திரும்ப நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதைவிட, வாசலை வீங்கவைப்பது எது என்று தேடுவதே பயன்தரும். பழைய இலவம்பஞ்சு மெத்தையில் பெருகும் தூசிப் பூச்சி, சீமைக்கருவேலத்தின் மகரந்தம், நூற்பாலையின் பஞ்சுத்தூசி, மூடிய அறையில் விடிய விடிய எரியும் கொசுவர்த்திச் சுருள், புகைபிடித்தல் ஆகியவை தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் ஆராயத்தக்கவை. மூக்கில் சதை வளர்ந்திருப்பதாகச் சொல்லப்படும் பாலிப், தோலுரித்த திராட்சைபோல் வெளிறித் தொங்கும் வீங்கிய சவ்வேயன்றிப் புற்றுக்கட்டியன்று; பாலிப்பும் ஆஸ்துமாவும் சேர்ந்துள்ள சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் கடும் மூச்சுத்திணறலைத் தரும் என்பதால், அவர்கள் வலிமாத்திரை எதையும் கேளாமல் விழுங்கக்கூடாது.

மருந்துக்கு அடங்காதபோது எண்டோஸ்கோப்பி வழியிலான அறுவை கைகொடுக்கிறது. ஒரு காலத்தில் மேலுதட்டைத் தூக்கி, கன்ன எலும்பைத் துளைத்து, அறையின் உட்சவ்வையே சுரண்டி எடுத்தார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர், நுண்மயிர்கள் சளியை எப்போதும் இயற்கை வாசலை நோக்கியே தள்ளுகின்றன, வேறிடத்தில் துளையிட்டாலும் அதைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே செல்கின்றன என்று காட்டிய பிறகு, சவ்வைக் காத்து வாசலை மட்டும் அகலப்படுத்தும் முறை வேரூன்றியது. அறுவைக்குப் பின்னும் ஒவ்வாமை உடலில் இருக்கவே செய்கிறது. உப்புநீர்க் கழுவலையும் ஸ்பிரேயையும் கைவிட்டவர்களுக்குச் சதை மீண்டும் வளர்ந்து, அறுவையின் மேல் பழி விழுகிறது.

காத்திருக்கக் கூடாத வேளைகள்

கண்ணுக்கும் சிற்றறைத் தொகுதிக்கும் இடையே உள்ள எலும்பு காகிதம்போல் மெல்லியது. தொற்று அதைக் கடந்தால் இமை வீங்கிச் சிவக்கும், கண் பிதுங்கும், உருவம் இரண்டாகத் தெரியும், கண்ணை அசைத்தால் வலிக்கும். குழந்தைகளிடம் இது ஒரே இரவில் முற்றக்கூடும். நெற்றியில் மெத்தென்ற வீக்கம், கழுத்தை மடக்க முடியாமை, தாங்கவொண்ணாத தலைவலியோடு வாந்தி, பிதற்றல் ஆகியவை தொற்று எலும்பையோ மூளையின் உறையையோ எட்டியதற்கான அறிகுறிகள்.

சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் மியூக்கர் என்னும் பூஞ்சை இதே அறைகளில் புகுந்து இரத்தக்குழாய்களை அடைத்துத் திசுவைக் கருகச்செய்கிறது. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021இல், கறுப்புப் பூஞ்சை என்ற பெயரில் இந்தியாவில் 40,000க்கும் மேற்பட்டோருக்கு வந்தது இதுவே. ஒருபக்கக் கன்னம் மரத்துப்போதல், மூக்கில் கறுத்த பொருக்கு, மேலண்ணத்தில் கரும்புள்ளி, ஆட்டங்கண்ட மேற்பற்கள் ஆகியவை தெரிந்தால் சில மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டியிருக்கிறது. பழுதான திசுவை வெட்டியெடுப்பதும் ஆம்போடெரிசின் மருந்தை ஏற்றுவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். இத்தகைய நோயாளியைத் தெருமுனைக் கிளினிக்கில் வரிசையில் உட்காரவைக்காமல், காது மூக்கு தொண்டைப் பிரிவும் கண் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவையும் உட்கொண்டுவரும் மருந்துகளின் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, அன்றிரவே கொண்டுசெல்ல வேண்டும்.